தோல் சீவிய நாலு ஆப்பிள், ஒரு டிரைவிங் டெஸ்ட்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ‘பிரேக் சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தோரு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் இவருக்கு ஒரு பிரேக். பதற்றத்தில் ஓட்டுகிறவர்கள் தங்கள் பிரேக்கை மறந்துவிடுவார்கள், இவருடையதுதான் தேயும். மிதித்து மிதித்து அவருடைய வலது கால் சொன்ன பேச்சுக் கேட்காத காலாகிவிட்டது. டிவியில் கார் வேகமாக வந்தால் மிதிக்கும். ஹோட்டலில் சர்வர் தட்டோடு ஓடி வந்தால் மிதிக்கும். மனைவி கோபமாகப் பேச ஆரம்பித்தாலும் மிதிக்கும். அங்கே மட்டும் பிரேக் பிடிக்காது.

அந்தக் கால்தான் முதலில் விஷயத்தைச் சொன்னது. ஒரு காலையில் ஷூவுக்குள் போகமாட்டேன் என்றது. ஷூ சுருங்கிவிட்டது என்று இரண்டு நாள் ஷூவைத் திட்டினார். மூன்றாம் நாள் இடது காலும் சேர்ந்துகொள்ள, மனைவி பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகங்கள் பாதி வேலைதான் பார்க்கின்றன, ரத்தத்தில் பொட்டாசியம் ஐந்து புள்ளி ஒன்பதுக்கு ஏறி நிற்கிறது என்றார் டாக்டர்.

“பாதி வேலை பாக்குதுன்னா பரவாயில்லையே டாக்டர். எங்க தெருவுல இருக்கிற ஆபீஸ்ல எல்லாரும் அவ்வளவுதான் பாக்குறாங்க” என்றார் பிரேக் சார்.

டாக்டர் சிரிக்கவில்லை. “மூணாம் நம்பர் ரூமுக்குப் போங்க. சாப்பாட்டு விஷயம் அவங்க சொல்லுவாங்க.”

மூன்றாம் நம்பர் அறைக் கதவைத் திறந்ததும் பிரேக் சாரின் வலது கால் தானாகவே தரையை மிதித்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டயட்டீஷியன் அவருடைய மாணவி. ஐந்து மாதமாக மாணவி. இரண்டு தடவை டெஸ்டில் தோற்ற மாணவி.

காரில் அந்த அம்மாவைப் போலப் பயந்த ஆளை அவர் முப்பத்தோரு வருடத்தில் பார்த்ததில்லை. ரோட்டைக் கடக்கிறவர்களிடம் ஜன்னலை இறக்கி மன்னிப்புக் கேட்பார். காக்கா உட்கார்ந்திருந்தால் அது பறக்கும்வரை காத்திருப்பார். மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதையே கேள்விஞானத்தில்தான் அறிந்திருந்தார். பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தால் யாரோ துரத்துகிற மாதிரி இருக்கிறது என்று அதைக் கூரைப் பக்கமாகத் திருப்பிவிடுவார். “பயப்படாதீங்க மேடம், உங்க பிரேக் போனா என் பிரேக் இருக்கு” என்று சொல்லிச் சொல்லி இவர் தொண்டை வறண்டுபோனதுதான் மிச்சம்.

இங்கே மேஜைக்குப் பின்னால் இருந்ததோ புலி.

“உக்காருங்க சார்” என்றது புலி. மேஜைமேல் காய்களும் பழங்களுமாகப் பிளாஸ்டிக் பொம்மைகள் பரப்பியிருந்தன. “காலைல என்ன சாப்பிடுவீங்க?”

“ரெண்டு வாழைப்பழம்.”

பிளாஸ்டிக் வாழைப்பழம் மேஜையைவிட்டு இழுப்பறைக்குள் போனது.

“மத்தியானம்?”

“உருளைக்கிழங்கு இல்லாம எனக்குச் சோறு இறங்காது. தக்காளி தூக்கலா இருக்கணும்.”

உருளைக்கிழங்கும் தக்காளியும் சேர்ந்து போயின.

“கிளாஸ் முடிஞ்சு களைப்பா இருந்தா?”

பிரேக் சார் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். “நாலு பேரீச்சம்பழம். கொஞ்சம் உலர்திராட்சை. காரிலேயே வெச்சிருப்பேன்.”

“காரிலேயே!” என்றார் டயட்டீஷியன். “நான் உக்காந்து ஓட்டுற காரிலேயே! அஞ்சு மாசமா என் பக்கத்துலேயே பொட்டாசியத்தை மூட்டை கட்டி வெச்சிருந்திருக்கீங்க.” பொம்மைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. தேங்காய் போனது. பூசணி போனது. ஆரஞ்சு போனது. பொட்டாசியம் அதிகமானால் இதயம் தாளம் தப்பும், விளையாட்டு இல்லை என்றார் அவர். கடைசியில் மேஜைமேல் நாலைந்து பொம்மைகள்தான் மிஞ்சின. அதில் ஒன்று ஆப்பிள்.

“எனக்கு இனிப்பு இல்லாம முடியாது மேடம்” என்றார் பிரேக் சார், மிக மெல்லிய குரலில்.

“சர்க்கரை வியாதி இல்லைன்னு ரிப்போர்ட்ல இருக்கு. அதனால பொழச்சீங்க.” அவர் ஒரு சீட்டை எடுத்து எழுதினார். நாலு ஆப்பிள், தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி. எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன். சர்க்கரை, பட்டைத் தூள். மேலே தூவ மைதாவும் சர்க்கரையும் உப்பில்லாத வெண்ணெயும், விரலால் உதிரியாகப் பிசைந்து. ஓவனில் நாற்பது நிமிஷம். “ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம். அதுக்கு மேல கிடையாது. திராட்சை கூடாது, முந்திரி பாதாம் கூடாது, வெல்லம் கூடாது. கடையில உப்புக்குப் பதிலா ஒரு உப்பு விக்கிறாங்களே, சோடியம் கம்மின்னு, அது வேண்டவே வேண்டாம். அதுல இருக்கிறது பொட்டாசியம்தான்.”

“இவ்வளவு கூடாதா?”

“நான் ரோட்டுல போகும்போது நீங்க எத்தனை கூடாது சொல்றீங்க?” என்றார் டயட்டீஷியன்.

பிரேக் சாரின் மனைவி குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கும் வேலையில் இருந்தாள். காதில் ஹெட்போனோடு நாள் முழுக்க “உங்க புகார் பதிவாயிடுச்சு, நாப்பத்தெட்டு மணி நேரத்துல நடவடிக்கை எடுக்கப்படும்” என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே வாய்தான். தக்காளி இல்லாத குழம்பைப் பார்த்து இவர் முகம் சுளித்தால், “பதிவாயிடுச்சு” என்பாள். இருபது வருடம் வேலை பார்த்ததற்காக அலுவலகத்தில் அவளுக்கு ஒரு சின்ன ஓவன் பரிசு கொடுத்திருந்தார்கள். வந்த நாளிலிருந்து அது சமையலறை மூலையில் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பிரேக் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு களத்தில் இறங்கினார். சமையலறைக்கு அவர் அதுவரை தண்ணீர் குடிக்க மட்டுமே போனவர். ஆப்பிளை நறுக்குவதற்கு முன்னால் ஓவனைச் சூடு பண்ணி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. துணியை எடுத்தார், பிளக்கைச் செருகினார், குமிழைத் திருகினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை.

உள்ளே பயிற்சிக் காருக்கான ‘எல்’ போர்டுகள் ஆறு இருந்தன. காணாமல் போகாமல் இருக்கட்டும் என்று அவரே போன வருடம் வைத்தவை. நல்ல கெட்டிப் பிளாஸ்டிக்.

மனைவி புகையைப் பார்த்து ஓடி வந்தபோது, ஓவன் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தலை கவிழ்ந்துகொண்டிருந்தன. அவள் பிளக்கைப் பிடுங்கினாள், ஜன்னல்களைத் திறந்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள்.

“புகார் எதாவது இருக்குங்களா?” என்றாள்.

ஓவனைச் சுரண்டிச் சுத்தம் செய்ய மூன்று மாலைகள் ஆயின. ஆறு போர்டில் ஒன்று மட்டும் தேறியது. அதிலும் ‘எல்’ இடுப்பு வளைந்து நின்றது. புதிது வரும்வரை அதைத்தான் காரில் ஒட்டிக்கொண்டு திரிந்தார். பின்னால் வந்தவர்கள் வழக்கத்தைவிட அதிகமாகவே தள்ளி வந்தார்கள் என்பது ஒரு லாபம்.

இரண்டாவது முயற்சியில் ஓவன் காலியாக இருந்தது. தவறு வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆப்பிளெல்லாம் அடுக்கிவிட்டு அவர் குளிக்கப் போன நேரத்தில் மனைவி வந்து பார்த்தாள். வெறும் ஆப்பிளும் மாவும். பாவம், இளைத்துப்போய்க் கிடக்கிற மனுஷனுக்கு இதில் என்ன சத்து இருக்கப்போகிறது என்று மனம் கேட்கவில்லை. ஒரு கை உலர்திராட்சை, ஒரு கை முந்திரி, கொஞ்சம் வெல்லத் தூள் எல்லாவற்றையும் மாவுக்குக் கீழே மறைத்துத் தூவிவிட்டாள். டயட்டீஷியன் பட்டியலை அவளும் கேட்டவள்தான். ஆனால் அது கடையில் விற்பதற்குத்தான் பொருந்தும், கையால் போடுவதற்குப் பொருந்தாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

வெந்து வந்த தட்டு வீட்டையே மணக்க வைத்தது. பிரேக் சார் தனக்குச் சுடச்சுட ஆக்கிய முதல் பண்டம். வாயில் வைப்பதற்கு முன் சொல்லிக்கொடுத்தவருக்குக் காட்ட வேண்டும் என்று டப்பாவில் போட்டுக்கொண்டு மாலை வகுப்புக்குப் போனார்.

டயட்டீஷியன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போலக் கண்ணை ஒரு நிமிஷம் மூடித் திறந்தார். கார் தெருமுனைவரை நகர்ந்தது. சிக்னலில் நின்றபோது பிரேக் சார் பெருமையோடு மூடியைத் திறந்து நீட்டினார்.

“மேடம், உங்க சீட்டுப்படி. ஒரு எழுத்துப் பிசகல.”

டயட்டீஷியன் எட்டிப் பார்த்தார். மாவு உடைந்த இடத்தில் கறுப்பாக ஒன்று உப்பிக்கொண்டு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவருடைய கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறியது.

“இது என்ன சார்?”

“எது மேடம்?”

“திராட்சை! இது முந்திரி! இந்தப் பழுப்பு என்ன, வெல்லமா? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல!” சிக்னல் பச்சையானது. அவர் கவனிக்காமலே கிளட்சை விட்டார், முதல் கியர், இரண்டாவது கியர். “அஞ்சு புள்ளி ஒம்போதுல இருக்கிற ஆளு திராட்சை திங்கறதா? உங்க இதயம் என்ன, உங்க கார் மாதிரி ரெண்டு பிரேக் வெச்சதா?” மூன்றாவது கியர். முன்னால் உறுமிக்கொண்டு போன லாரியைச் சமிக்ஞை போட்டு, வலப்பக்கம் பார்த்து, அலுங்காமல் தாண்டினார். “உங்க வீட்டம்மா போட்டாங்களா? அவங்களை என் ரூமுக்கு வரச் சொல்லுங்க!” ரவுண்டானாவில் மூன்று பஸ்ஸுக்கு நடுவில் பட்டு நூல் மாதிரி நுழைந்து வெளியே வந்தார். “எனக்கு ஒண்ணுமில்ல, நாளைக்கு உங்களுக்கு எதாவது ஆச்சுன்னா எனக்கு யார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பா?”

பிரேக் சார் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக அவருடைய வலது கால் சும்மா இருந்தது.

வண்டி நின்றதும் டயட்டீஷியன் சுற்றுமுற்றும் பார்த்தார். “இது எந்த இடம்?”

“பஸ் டிப்போ மேடம். ஊருக்கு அந்தப் பக்கம்.”

“யார் ஓட்டிட்டு வந்தா?” என்று கேட்டுவிட்டு அவர் நடுங்க ஆரம்பித்தார். திரும்பி வருகையில் மறுபடியும் பழைய ஆள்தான். ஒரு நாய்க்கு வழிவிட்டு ஏழு நிமிஷம் நின்றார்கள்.

பிரேக் சார் அந்த வாரம் முழுக்க யோசித்தார். அடுத்த வகுப்பில் சோதித்துப் பார்த்தார். முதலில் அன்பாக, “பிரமாதமா ஓட்டுறீங்க மேடம்” என்றார். வண்டி விக்கி நின்றது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “காலைல ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுட்டேன். சின்னதுதான்” என்றார். வண்டி சீறிக்கொண்டு கிளம்பி, மேட்டில் ஏறி, பாலத்தில் இறங்கி, இரண்டு கார்களுக்கு நடுவே ஒரே வீச்சில் ரிவர்ஸில் போய் நின்றது. சாப்பிடவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார். அதற்கும் திட்டு விழுந்தது. அந்தத் திட்டில் இன்னொரு பாலம் தாண்டினார்கள்.

மூன்றாவது டெஸ்டுக்கு நாள் குறித்தாயிற்று. அன்று அதிகாலையிலேயே பிரேக் சார் ஆப்பிள் சீவ உட்கார்ந்தார். இந்தத் தடவை சமையலறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மனைவி வெளியே நின்று, “ஒரே ஒரு முந்திரிங்க, அலங்காரத்துக்கு” என்று கெஞ்சியும் திறக்கவில்லை. தோலைச் சீவி, நடுவிலிருந்த விதையைக் குடைந்தெடுத்து, துண்டுகளை எலுமிச்சைச் சாற்றில் பிரட்டினார். மாவையும் வெண்ணெயையும் விரல் நுனியால் கசக்கக் கசக்க அது ரொட்டித்தூள் போல உதிர்ந்து வந்தது. ஓவனுக்குள் இரண்டு முறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டை வைத்தார். நாற்பது நிமிஷத்தில் மேல்மாவு பொன்னிறமாக வெடித்து, இடுக்குகளில் ஆப்பிள் சாறு கொதித்துக் குமிழியிட்டது. ஒரு சின்னக் கிண்ணம் எடுத்துத் தின்றார். கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவு நாள் எதற்குத் திராட்சை தின்றோம் என்று அவருக்கே புரியவில்லை. மிச்சத்தை டப்பாவில் போட்டுக்கொண்டார்.

டெஸ்ட் மைதானத்தில் அதிகாரி காத்திருந்தார். மெலிந்த ஆள், கையில் அட்டை, காதில் பேனா. “சொல்லிக்கொடுக்கிறவர் பின்னால உக்காரலாம். ஆனா ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா ஃபெயில்.”

பிரேக் சார் டப்பாவோடு பின்சீட்டில் ஏறினார். அவருடைய திட்டமே பேச்சில்தான் இருந்தது.

டயட்டீஷியன் வண்டியைக் கிளப்பினார். நின்றது. மறுபடியும் கிளப்பினார். மறுபடியும் நின்றது. அதிகாரி அட்டையில் எதையோ எழுதினார். டயட்டீஷியன் பார்வை கலங்கி, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியைச் சும்மா ஒப்புக்குக் கீழே இறக்கினார். அதில் பின்இருக்கை தெரிந்தது. பின்இருக்கையில் பிரேக் சார் தெரிந்தார். மடியில் ஒரு பொட்டலம். முன்பு காரில் ஒளித்து வைத்திருந்ததில் மிஞ்சிய பேரீச்சம்பழம். அவர் நிதானமாக ஒன்றை எடுத்து, கண்ணாடியில் நன்றாகத் தெரியும்படி உயர்த்திக் காட்டி, வாய்ப்பக்கம் கொண்டுபோனார்.

வண்டி கிளம்பியது.

மைதானத்தைச் சுற்றி ரோட்டுக்கு வந்தார்கள். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை டயட்டீஷியனின் கண் கண்ணாடிக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் இன்னொரு பேரீச்சம்பழம் உயர்ந்து மறைந்தது. “பின்பக்கக் கண்ணாடி: மிகவும் நன்று” என்று அதிகாரி எழுதிக்கொண்டார். டயட்டீஷியன் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

“நாலு. அஞ்சு. ஐயோ, ஆறு. மனுஷனா இவரு?”

“யார்கிட்ட பேசுறீங்க?” என்றார் அதிகாரி.

“கியர்கிட்ட சார்” என்று சொல்லி நாலாவது கியரைப் போட்டார்.

மேட்டில் நிறுத்தி, பின்னால் ஒரு சாண் உருளாமல் கிளம்பினார். குறுக்கே வந்த சைக்கிளுக்கு அளவாக ஒதுங்கினார். கூம்புகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தை முழுக்கத் திருப்பி, பின்னால் பார்ப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு, பிரேக் சாரைக் கண்ணாலேயே எரித்தார். வண்டி நடுக்கோட்டில் போய் நின்றது.

“பாஸ்” என்றார் அதிகாரி.

அதை யாரும் கேட்கவில்லை. டயட்டீஷியன் பெல்ட்டை அவிழ்த்தெறிந்துவிட்டு இறங்கி, பின்கதவைத் திறந்து, பிரேக் சாரின் சட்டைக் காலரைப் பிடித்தார். “துப்புங்க! எத்தனை முழுங்கினீங்க? பதினொண்ணு எண்ணினேன்! நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க, இப்பவே ஈசிஜி எடுக்கணும்!”

“மேடம், மேடம், ஒரு நிமிஷம்” என்று பிரேக் சார் வெளியே வந்து, சட்டையைக் கால்சட்டையிலிருந்து உருவினார். பொதபொதவென்று பேரீச்சம்பழங்கள் தரையில் விழுந்தன. வாய்ப்பக்கம் கொண்டுபோன ஒவ்வொன்றையும் அவர் காலருக்குள் நழுவவிட்டிருந்தார். டயட்டீஷியன் குனிந்து எண்ணினார். பத்து.

“இன்னொண்ணு எங்க?”

பிரேக் சார் நெளிந்தார். நாலு குதி குதித்தார். பதினொன்றாவது கால்சட்டை வழியாகச் செருப்பருகே வந்து சேர்ந்தது. அதிகாரி காதிலிருந்த பேனாவை எடுத்தார், அட்டையைப் பார்த்தார், இதற்குக் கட்டம் எதுவும் இல்லை என்று பேனாவை மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் டயட்டீஷியனுக்கு ‘பாஸ்’ என்ற சொல் காதில் ஏறியது. அவர் காரின் முன்மூடியில் சாய்ந்துகொண்டு அழுதார், சிரித்தார், மறுபடி திட்டினார். பிரேக் சார் டப்பாவைத் திறந்து நீட்டினார். டயட்டீஷியன் ஸ்பூனால் மேல்மாவைக் கிளறி, அடிவரை தோண்டி, திராட்சை இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு இன்னொரு வாய் சாப்பிட்டார். அதிகாரியும், டியூட்டியில் எதுவும் வாங்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே ஒரு ஸ்பூன் வாங்கினார்.

ஆறு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் நாலு புள்ளி எட்டு. டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். ஷூவும் பழையபடி காலுக்குச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆப்பிள் என்று வீட்டில் வழக்கமாகிவிட்டது.

டயட்டீஷியன் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினார். அதைக் காட்ட வீட்டுக்கு வந்த அன்று பிரேக் சாரின் மனைவி, “எனக்கும் கத்துக்கொடுங்களேன். இவரு முப்பத்தோரு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாரு, என்னைக் கூப்பிடவே இல்ல” என்றாள். பிரேக் சார் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் இரண்டு பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள். அவர் ஆப்பிளைச் சீவிக்கொண்டு வீட்டில் இருந்தார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. தட்டு ஓவனுக்குள் போய், வெந்து, வெளியே வந்தும் ஆளைக் காணோம். போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, நான் சூப்பரா ஓட்டுறேன். நேரா வந்துட்டே இருந்தோம்.”

“எங்க இருக்கீங்க?”

“ஏரிக்கரை. ரோடு முடிஞ்சுபோச்சு. முன்னால தண்ணி, பக்கத்துல பள்ளம். எனக்கு இன்னும் திருப்பக் கத்துக்கொடுக்கல. நீங்க எடுங்கன்னு இவங்ககிட்ட சொன்னா, இவங்களும் பள்ளத்தைப் பார்த்துட்டுக் கையெடுத்துக் கும்பிடுறாங்க.”

“அதுக்கு?”

“நீங்க வந்து திருப்பிக் கொடுங்க. வரும்போது அதையும் எடுத்துட்டு வாங்க.”

பிரேக் சார் சூடான தட்டைத் துண்டில் சுற்றி, அதன்மேல் மூன்று ஸ்பூனைச் செருகிக்கொண்டு பஸ் ஏறினார். பஸ் முழுக்கப் பட்டையும் வெண்ணெயும் மணத்தது. முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஏரி நிறுத்தத்தில் இறங்கியபோது, தூரத்தில் தண்ணீருக்கு ஐந்தடி முன்னால் அந்தக் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பெண்களும் அதன் முன்மூடிமேல் ஏறிக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் வருவதைப் பார்த்ததும் மனைவி கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினாள்.

“மெதுவா வாங்க! கீழ போட்றாதீங்க!”